புகையுணர் கருவியும் கதிரியக்கக் கணக்கும்

(மும்பையின் பாண்டுப் பகுதியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



கதிரியக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு அணுகுண்டோ அணுமின் நிலையமோதான் நினைவுக்கு வருகின்றது. இந்நகரத்தின் தென்கிழக்கே டிராம்பேயில், 1956ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இந்தியாவின் முதல் அணு உலையான 'அப்சரா' இயங்கத் தொடங்கியது. ஆகவே மும்பைவாசிகளுக்கு அணு அயலானதன்று. ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அணு உலையைப் பற்றியதன்று. அலுவலகங்களிலும் விடுதிகளிலும், மேலை நாடுகளில் வீடுகளிலும், கூரையில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு வட்டப் பெட்டியைப் பற்றியது. அதன் பெயர் புகையுணர் கருவி.

நான் அறிவியல் ஆசிரியன் அல்லன். பொருளியல் பயின்று, அரசுக் கணக்குகளோடும் கோப்புகளோடும் பழகியவன். எனவே இந்தக் கருவியைக் கணக்கெழுதுபவனின் கண்ணோட்டத்திலிருந்தே பார்க்க விரும்புகிறேன். ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையை எழுதுகிறோம். ஆண்டுதோறும் தேய்மானத்தைக் கழிக்கிறோம். மதிப்புத் தீர்ந்ததும் பதிவேட்டிலிருந்து நீக்குகிறோம். பதிவேட்டிலிருந்து நீங்கிய பின்னரும் நீங்காத கடமை சில பொருள்களுக்கு உண்டு என்பதே இன்றைய உரையின் மையக்கருத்து.

புகையே முதற் பகை

தீவிபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரன்று, புகையே. இவ்வுண்மையைப் பாண்டுப் மக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நள்ளிரவையொட்டி, இங்குள்ள டிரீம்ஸ் வணிக வளாகத்தில் மூண்ட தீயின் புகை, அதே கட்டடத்தின் மேல் தளத்தில் இயங்கிய மருத்துவமனை வரை பரவியது. கொரோனாத் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த நோயாளிகள் பலர் அந்நிகழ்ச்சியில் உயிரிழந்தனர். உறங்குபவனும் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் புகையை முகர்ந்து விழித்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க இயலாது. மனிதனுக்கு முன்னதாகப் புகையை அறிந்து ஒலியெழுப்பும் கருவி தேவை.

1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் வால்டர் யேகர், நச்சு வாயுவைக் கண்டறியும் கருவியொன்றை அமைக்க முயன்றார். நச்சு வாயுவை அக்கருவி உணரவில்லை. சோர்வுற்ற அவர் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தபோது, அதன் புகைக்கு மின்னோட்டமானியின் முள் இறங்கியதைக் கண்டார் என்று கூறப்படுகிறது. இத்துறையில் அவர் நாட்டவரான எர்ன்ஸ்ட் மெய்லி தொடர்ந்து உழைத்ததன் பயனாகப் புகையுணர் கருவி தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

கருவி இயங்கும் முறை

இருவகைப் புகையுணர் கருவிகள் வழக்கில் உள்ளன. ஒளிக்கற்றையைப் புகைத்துகள்கள் சிதறடிப்பதைக் கொண்டு அறிவது ஒளியியல் வகை. காற்றை அயனியாக்கி, அதில் செல்லும் மின்னோட்டம் குறைவதைக் கொண்டு அறிவது அயனி அறை வகை. நம் பேச்சு இரண்டாவதைப் பற்றியது.

அயனி அறையில் இரு மின்தகடுகள் உள்ளன. அவற்றினிடையே காற்று புகுந்து வெளியேறும். சாதாரணக் காற்றில் மின்சாரம் பாயாது. ஆனால் அங்கே மெல்லிய உலோகத் தகட்டில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு பதிக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபாத் துகள் காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவே செல்லக்கூடியது. அந்தக் குறுகிய பயணத்தில் அது லட்சத்துக்கும் மேற்பட்ட காற்று மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகிறது. இவ்வாறு உண்டாகும் அயனிகள் எதிரெதிர்த் தகடுகளை நோக்கி நகர்வதால் மிகச் சிறிய மின்னோட்டம் இடைவிடாது பாய்கிறது. புகைத்துகள் உள்ளே புகுந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கனத்த துகளோடு ஒட்டிய அயனி விரைந்து நகராது. மின்னோட்டம் குறைகிறது, குறைந்ததை மின்சுற்று அறிந்து மணியை ஒலிக்கச் செய்கிறது.

ஒரு கருவியில் இருக்கும் கதிர்மூலத்தின் வலிமை பொதுவாக ஒரு மைக்ரோகியூரி அளவினது. அதாவது நொடிக்கு 37,000 அணுக்கள் சிதைகின்றன. எடையில் அது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு; ஏறத்தாழ 0.29 மைக்ரோகிராம். கணக்கின்படி பார்த்தால் ஒரு கிராம் அமெரிசியத்தைக் கொண்டு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைச் செய்யலாம். இத்தனிமம் இயற்கையில் எடுக்கப்படுவதன்று. அமெரிக்காவில் கிளென் சீபோர்க்கும் அவருடைய துணைவர்களும் 1944ஆம் ஆண்டின் இறுதியில் இதை ஆக்கி இனங்கண்டனர். அணு உலைகளில் உண்டாகும் புளுட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 ஆக மாறுகிறது.

சிதைவின் விதி

கதிரியக்கத்தை ஹென்றி பெக்கரல் 1896இல் கண்டறிந்தார். 1902ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரூதர்ஃபோர்டும் சாடியும் அதன் விதியை வகுத்தனர். பொருளியல் மாணவர்களுக்கு இவ்விதி எளிதில் விளங்கும். காப்பீட்டுக் கழகத்தார் ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் இறப்பர் என்று கணித்துவிடுகின்றனர். ஆனால் குறிப்பிட்ட ஒருவர் எப்போது இறப்பார் என்று அவர்களால் கூற இயலாது. அணுவும் அவ்வாறே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் முதுமையடைகிறான், அணு முதுமையடைவதில்லை. நேற்றுத் தோன்றிய அமெரிசிய அணுவும் முந்நூறு ஆண்டு பழைமையான அணுவும் அடுத்த ஆண்டில் சிதைவதற்கு உரிய வாய்ப்பு ஒன்றே. எனவே ஒவ்வோர் ஆண்டும் எஞ்சியிருப்பதில் ஒரே விகிதம் கழிகிறது. எஞ்சிய மதிப்பில் ஆண்டுதோறும் ஒரே சதவீதத்தைக் கழிக்கும் நம் தேய்மான முறையும் இதே கணிதந்தான்.

ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய் விலையுள்ள கருவி ஒன்றை வாங்கி, ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்காண்டுகளைச் சற்றே கடந்ததும் மதிப்பு பாதியாகிவிடும். பத்தாண்டு முடிவில் ஏட்டில் எஞ்சுவது 197 ரூபாய். அமெரிசியம்-241இன் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 432 ஆண்டுகள். ஆண்டுக்குக் கழிவது 0.16 சதவீதம். அதே பத்தாண்டு முடிவில் ஆயிரத்தில் 984 பங்கு குறையாமல் இருக்கும். மும்பைத் தீவுகள் போர்ச்சுகீசியர் வசமிருந்த நாளில் இத்தகைய கருவியொன்று மாட்டப்பட்டிருந்தால், அதன் கதிர்மூலத்தில் பாதி இன்றும் நம்மிடம் இருக்கும். சிதைந்த பாதியும் மறைந்துவிடுவதில்லை. இருபத்தொரு லட்சம் ஆண்டு அரை ஆயுளுடைய நெப்டியூனியம்-237 ஆக மாறி நிற்கும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை கருவியை மாற்றவேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கூறுவதைக் கேட்டு, கதிரியக்கம் தீர்ந்துவிட்டதால்தான் மாற்றுகிறோம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். தூசு படிவதாலும் மின்சுற்று உறுப்புகள் பழுதடைவதாலுமே கருவியை மாற்றுகிறோம். கருவியின் ஆயுள் முடியும்போது கதிர்மூலம் ஏறக்குறையப் புதியதாகவே இருக்கிறது.

அச்சமும் அலட்சியமும்

கூரையில் மாட்டிய கருவியால் தீங்கு நேருமா என்ற வினாவுக்கு நேரான விடை தரவேண்டும். நேராது. ஆல்ஃபாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும். தோலின் மேலுள்ள உயிரற்ற படலமும் தடுத்துவிடும். அமெரிசியம் வெளியிடும் காமாக் கதிரும் ஆற்றல் குறைந்தது. கருவியின் கீழே அன்றாடம் பணியாற்றுவோர் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாமனைவரும் இயற்கையாகப் பெறுவதில் மிகச் சிறு பகுதியே. திருவிழாக்களிலும் திருமணங்களிலும் நம் முன்னோர் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையில் தோரியம் சேர்ந்திருந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அந்தத் தோரியம் தரும் மோனசைட்டு மணல் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் கிடைப்பது. எனவே கருவியைக் கண்டு அஞ்சி அதைக் கழற்றி எறிவது அறியாமை. அதனால் தீயின் அபாயமே மிகும்.

ஆனால் அமெரிசியம் தூளாகி மூச்சோடும் உணவோடும் உடலுள் புகுந்தால் நிலைமை வேறு. அது எலும்பிலும் கல்லீரலிலும் தங்கி நெடுங்காலம் அருகிலுள்ள திசுக்களைத் தாக்கும். வெளியிலிருக்கும்போது தாளுக்கு அடங்கிய ஆல்ஃபாத் துகளை உடலுக்குள் தடுப்பதற்கு ஏதுமில்லை. ஆகவே இக்கருவியைப் பொறுத்தவரை பாதுகாப்பு என்பது ஒன்றே: கதிர்மூலம் உடைபடாமல், எரிபடாமல், சுரண்டப்படாமல் இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுப் புகையுணர் கருவியைப் பல இடங்களில் வீட்டுக் குப்பையோடு சேர்க்க அனுமதிக்கின்றனர்; அங்கே இல்லாத கவலை நமக்கு ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான வினா. அங்கே குப்பை பெரும்பாலும் மூடிய வண்டியில் சென்று மண்ணுக்குள் புதைகிறது. இங்கே குப்பையை மனிதக் கை திறந்து பார்க்கிறது. பழைய பொருளெதுவும் இந்நகரில் வீணாவதில்லை. காயலான் கடை என்று நாமும் பங்கார் என்று இந்நகரத்தாரும் அழைக்கும் வாணிபத்தின் வழியாகக் குர்லாவுக்கும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கும் சென்று, பிரிக்கப்பட்டு, உருக்கப்பட்டு, மீண்டும் பொருளாகிறது. நாட்டின் மூலப்பொருளைச் சேமிக்கும் இத்தொழிலை நான் குறை கூறவில்லை. அதில் உழைப்போர்க்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் நெகிழியைத் தனியே, செம்பைத் தனியே பிரிப்பதற்குச் சுத்தியலையும் நெருப்பையும் பயன்படுத்துகின்றனர். சுத்தியலும் நெருப்பும் கதிர்மூலத்துக்கு ஆகாதவை. மேலும் இங்கே இக்கருவிகள் ஒன்றிரண்டாக வீட்டிலிருந்து வருவதில்லை. அலுவலகம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கணக்கில் ஒருசேர ஏலத்துக்கு வரக்கூடும்.

மாயாபுரி தந்த பாடம்

பதிவேட்டில் மதிப்பிழந்த கதிர்மூலம் என்ன செய்யும் என்பதை 2010ஆம் ஆண்டு டெல்லி மாயாபுரியில் நாடு கண்டது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆராய்ச்சிக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து தருவிக்கப்பட்ட காமாக் கதிர்க் கருவியொன்று, 1985க்குப் பின் பயனின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்பாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரிக் காயலான் கடைகளில் அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. கைகளும் உடலும் புண்பட்டுப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். தொழிலாளி ஒருவர் ஏப்ரல் இறுதியில் உயிரிழந்தார்.

கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகளே. நாற்பதாண்டில் அதன் வலிமை ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். இருநூறில் ஒரு பங்கே ஓர் உயிரைக் கொண்டுபோகப் போதியதாயிருந்தது. புகையுணர் கருவியின் மூலத்தை அதனோடு வலிமையில் ஒப்பிடுவது பொருந்தாது. கோபால்ட் மூலம் ஒப்பிட இயலாத அளவு பெரியது. நான் ஒப்பிடுவது வலிமையையன்று, நிர்வாக நடைமுறையை. பயனற்ற பொருள் என்று எழுதிய கை, அப்பொருளுக்குள் இருப்பதைக் கேட்கவில்லை. வாங்கிய காலத்தில் அதை அறிந்திருந்தோர் காலப்போக்கில் அங்கில்லாது போகின்றனர். பொருளின் நினைவு பொருளைவிட முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. கோபால்ட்டுக்கே இந்நிலை என்றால், 432 ஆண்டு அரை ஆயுளுடைய பொருளைத் தனி மனிதர்களின் நினைவை நம்பி விட்டுவைக்க இயலாது.

சட்டமும் நடைமுறையும்

சட்டம் இல்லாமல் இல்லை. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும், அதன்கீழ் வந்த 1987ஆம் ஆண்டின் கதிரியக்கக் கழிவு விதிகளும், 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் இதற்கெனவே அமைந்தன. 1983 நவம்பரில் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் இந்நகரின் அணுசக்தி நகரிலேயே, செம்பூருக்கு அடுத்தாற்போல், உள்ளது. அயனி அறைப் புகையுணர் கருவிகளைத் தருவித்து விற்போர் அவ்வாரியத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். பயன் முடிந்த கதிர்மூலம் வழங்கியவரிடமோ, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட கழிவு மேலாண்மை நிலையத்திடமோ செல்லவேண்டும். மின்னணுக் கழிவுகளுக்கான 2022ஆம் ஆண்டு விதிகள் கதிரியக்கக் கழிவைத் தம் எல்லைக்கு வெளியே வைத்துள்ளன; அதாவது, பழைய கணினியை ஒப்படைக்கும் வழியில் இதை ஒப்படைக்கலாகாது.

மகாராஷ்டிர மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், கட்டட உரிமையாளர் தீப்பாதுகாப்புக் கருவிகளைச் செவ்வனே பேணவேண்டும் என்று பணிக்கிறது. கருவி இயங்குகிறதா என்பதைத் தீத்தடுப்புச் சட்டம் கேட்கிறது. இயங்காத கருவி எங்கே போயிற்று என்பதை அணுசக்தி விதி கேட்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் இடையே நிற்பவர் அலுவலகத்தின் பண்டகக் காப்பாளர். அவர் அறியாத விதி ஏட்டிலேயே தங்கிவிடும்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அலுவலர்கள் மேற்கொள்ளத்தக்க சில எளிய நடைமுறைகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவதாக, கூரையிலுள்ள கருவிகள் எவ்வகையினவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். அயனி அறை வகையாயின் உட்புறமோ பின்புறமோ மூவிதழ்க் கதிரியக்கச் சின்னமும், அமெரிசியம் என்ற குறிப்பும், வலிமையின் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை வரிசை எண்ணுடன் இருப்புப் பதிவேட்டில் தனித் தலைப்பின்கீழ் எழுதவேண்டும். 'தீப்பாதுகாப்புச் சாதனங்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டால், பத்தாண்டு கழித்து வருபவர்க்கு ஒன்றும் விளங்காது.

இரண்டாவதாக, புதிதாக வாங்கும்போது ஒளியியல் வகை போதுமா என்று ஆராயவேண்டும். சுடர்விட்டு விரைந்தெரியும் தீயின் நுண்துகள்களை அயனி அறை முந்தி அறியும். புகைந்து புகைந்து எரியும் தீயை ஒளியியல் வகை முந்தி அறியும். பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பின்னதே போதுமானது. கதிர்மூலம் இல்லாத இடத்தில் அதைக் காக்கும் கடமையும் இல்லை.

மூன்றாவதாக, அயனி அறை வகைதான் வேண்டுமெனில், திரும்பப் பெறும் பொறுப்பை ஒப்பந்தப்புள்ளியிலேயே வழங்குபவர்மேல் சுமத்தவேண்டும். திருப்பியனுப்பும் செலவை வாங்கும் நாளிலேயே விலையோடு சேர்த்து மதிப்பிடுவது நேர்மையான பொருளியல். அச்செலவை ஒதுக்காமல் விட்டால் அது மறைந்துவிடாது; பெயரறியாத தொழிலாளி ஒருவரின் உடல்மீது எழுதப்படும்.

நான்காவதாக, ஏலத்துக்கு விடுமுன் பட்டியலில் கதிர்மூலம் உள்ள பொருள் இல்லையென்று பொறுப்பலுவலர் சான்றளிக்க வேண்டும். ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு வந்த பின்னரே பதிவேட்டிலிருந்து கருவியை நீக்கவேண்டும். தேய்மானம் முழுதும் கழிந்துவிட்டது என்பது நீக்குவதற்குப் போதிய காரணமாகாது.

ஐந்தாவதாக, இது மாணவர்களுக்கு உரியது. மூவிதழ்ச் சின்னத்தின் பொருளைப் பாடநூலில் படித்தவர்கள் நீங்கள். உங்கள் தெருவிலுள்ள காயலான் கடைக்காரருக்கு அச்சின்னத்தை ஒரு தாளில் வரைந்து காட்டி, இது பொறித்த எதையும் உடைக்காமலும் எரிக்காமலும் தனியே வைத்து, உடனே காவல் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவிக்குமாறு கூறுங்கள். தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் பேசக்கூடிய உங்களைவிட இப்பணிக்கு ஏற்றவர் எவருமில்லை.

அன்பர்களே, அணுவின் நன்மையை நாம் விரும்புகிறோம். மருத்துவத்தில் புற்றுநோயைத் தாக்கும் கதிரும், கூரையில் நின்று புகையை உணரும் கதிரும் அந்நன்மையைச் சேர்ந்தவை. நன்மையைப் பெறுவோர் ஓரிடத்திலும் எஞ்சியதைச் சுமப்போர் வேறிடத்திலும் இருப்பது வளர்ச்சியாகாது. நாளை அலுவலகம் செல்லும் அன்பர்கள், கூரையிலுள்ள கருவி எவ்வகையினது, அது பதிவேட்டில் எங்கே எழுதப்பட்டுள்ளது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் பண்டகக் காப்பாளரிடம் கேட்குமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.